வியாழன்

வால்பரைசோவில் எங்கள் குன்றுக்கு வண்டி ஏறாது.
நூற்றுப் பதினேழு படிகள்.
நாற்காலியோடு அவரைத் தூக்கி வந்த நால்வரில் ஒருவன்
தொண்ணூறாம் படியில் உட்கார்ந்து
தண்ணீர் கேட்டான்.
யார் போய் எடுத்துவருவது?
நான் அவருடைய வலது கையைப் பிடித்திருந்தேன்,
தொங்கிச் சுவரில் உரசாதபடி.

வீடுதான் இனி நல்ல மருந்து என்றார் டாக்டர்.
அவர் என் வீட்டைப் பார்த்ததில்லை.
கழிவறை வாசல் அறுபது சென்டிமீட்டர்,
நாற்காலி அறுபத்து நான்கு.
முதல் இரவு முழுக்க
நல்ல மருந்துக்கு நாலு சென்டிமீட்டர் வெளியே
நின்றுகொண்டிருந்தோம்.

யெர்கோ வடக்கே சுரங்கத்திலிருந்து போன் செய்கிறான்.
செப்டம்பர் விழாவுக்குள் அப்பா நடந்துவிடுவார், இல்லையா?
நடப்பார் என்கிறேன்.
அவன் அனுப்பிய காலணி இன்னும் பெட்டியில்.
கயிறு வைத்த காலணி.
ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறானா அவன்?

எலெயொதோரோ,
முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர்,
பெட்டி எண்களை வாய்ப்பாடுபோல் ஒப்பித்தவர்.
பக்கவாதம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு
ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தது.
வியாழன்.
பசித்தால் வியாழன். வலித்தால் வியாழன்.
ரசத்தை நான் சூடாகக் கொடுத்துவிட்டால்
தட்டு பறக்க, வியாழன்!
பின்னிரவில் ஏதோ ரகசியம்போல
என் காதருகில், வியாழன்.

பயிற்சி கொடுக்க மாய்தேன் வருவது செவ்வாய்.
முதுகுப்பை, மூச்சிரைப்பு, இருபத்தாறு வயது.
முதல் நாள் அவர் சொன்னதைக் கேட்டு
வியாழனுக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று
நாட்குறிப்பைத் திறந்துவிட்டாள்.
ஜூன் மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.
அவரும் சிரித்தார், பாதி முகத்தில்.

அவள் செய்வாள், நான் சமைப்பேன் என்றிருந்தேன்.
அவள் செய்யவில்லை.
என் கைகளை எடுத்து அவர் இடுப்பில் வைத்து
இப்படி, என்றாள்.
கரண்டிக் காம்பில் துணி சுற்றினாள்.
கட்டில் கால்களுக்குச் செங்கல் கேட்டாள்.
பக்கத்து வீட்டு ஒயார்சுன் கடப்பாரையோடு வந்து
கழிவறைக் கதவை நிலையோடு பெயர்த்தார்.
திரை தொங்கவிட்டோம்.
நாற்காலி உள்ளே போனது.
ஒரு கதவு போனதற்கு அப்படி அழுதேன், சந்தோஷத்தில்தான்,
என்று நினைக்கிறேன்.

விழாவுக்கு யெர்கோ வந்தான்.
குன்றெங்கும் கொடிகள், இறைச்சிப் புகை, காற்று.
அப்பாவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்,
எதையும் கேட்கவில்லை.
இரண்டு இரவு அவன்தான் எழுந்து
அவரைப் புரட்டிப் படுக்கவைத்தான்.
அவன் போனபின் பெட்டியைத் திறந்தேன்.
கயிற்றை உருவிவிட்டு
எலாஸ்டிக் நாடா கோத்து வைத்திருந்தான்.

பன்னிரண்டாவது செவ்வாயோடு வருகை முடிகிறது.
கடைசியில் ஒரு படிவம்.
நோயாளியின் எதிர்பார்ப்பு: ஒரு வரி இடம்.
குடும்பத்தின் எதிர்பார்ப்பு: அதே ஒரு வரி.
அவரிடம் கேட்டாள். ஜன்னலைப் பார்த்தார்,
கீழே கப்பல் ஒன்று சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.
வியாழன் என்றார்.
மாய்தேன் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

நீங்கள், நோல்ஃபா?

தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்க வேண்டும்.
அவர்மேல் ஒருநாள் கத்த வேண்டும்,
கத்திவிட்டு வெட்கப்படாமல் இருக்க வேண்டும்.
என் பெயரை அவர் வாயால் ஒரு முறை.
படிக்கட்டுக்குக் கைப்பிடி, என்றேன்.
அதற்கு வேறு அலுவலகம் என்றாள்.
ஆனாலும் எழுதினாள், அழுத்தி.

அடுத்த செவ்வாய் யாரும் வரவில்லை.
பத்து மணிக்கு அவர் கட்டில் விளிம்புக்குத்
தானாகவே நகர்ந்து வந்து உட்கார்ந்திருந்தார்,
புதுக் காலணியில் இடது கால் மட்டும் நுழைந்து.
வாசலையே பார்த்தபடி.
மற்றக் காலை நான் நுழைத்தேன்.
இடுப்பில் கைவைத்தேன், இப்படி.
எழுந்தார். என் தோளில் அவர் மொத்தக் கனமும்.
வியாழன், என்றார்.
இல்லை, செவ்வாய், என்றேன்.
அடுப்பில் பயறு அடிப்பிடிக்கும் வாசனை.
எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினொன்று, பன்னிரண்டு,
விடவில்லை.